கத்தி பிடித்த கையை யார் பார்த்தது?

"மூணு வருஷம் தியேட்டர்ல நின்னா கை தானாப் படிஞ்சுரும்." எங்கள் துறையில் யாரும் எதிர்த்துப் பேசாத பேச்சு இது. சர்ஜன்கள் கூடும் கூட்டத்தில், முதுநிலைப் பயிற்சியை வருடக் கணக்கிலிருந்து திறன் கணக்குக்கு மாற்றலாம் என்று யாராவது வாய் திறந்தால் போதும். மூத்தவர் ஒருவர் மைக்கை வாங்கி, "எங்க காலத்துல 36 மணி நேரம் ஒரே மூச்சா டியூட்டி பார்த்தோம். எங்களுக்கு யாரு மார்க் போட்டாங்க? நின்னோம், பார்த்தோம், வந்துருச்சு" என்பார். அரங்கம் கைதட்டும். நானும் பல வருடங்கள் தட்டியிருக்கிறேன். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எம்.எஸ். பட்டம் கைக்கு வந்த புதிதில் மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒரு மழை இரவில் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை இறக்குகிறவர் ஒருவரை ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பல வருடமாக இருந்த ஹெர்னியா. படுத்தால் தானே உள்ளே போய்விடும் என்று விட்டு வைத்திருந்தார். அன்று மாலை மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது இறங்கியது, பிறகு மேலே ஏறவே இல்லை. தொட்டால் கத்துகிறார். வாந்தி பச்சையாக வருகிறது. கோவைக்கு அனுப்பலாம், ஆனால் அந்த மழையில் போய்ச் சேர்ந்து, அங்கே தியேட்டர் கிடைக்கும்வரை குடல் தாங்குமா என்று தெரியவில்லை. ஒப்புதல் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் மனைவி பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங் டாக்டரம்மா, இந்த ஆப்ரேசன் உங்க கையில எத்தன பண்ணீருப்பீங்?"

என் லாக்புக்கில் 38 ஹெர்னியா இருந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. அதில் முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை நானே செய்தவை நான்கு. குடல் கறுத்து, வெட்டி இணைக்க வேண்டிவந்த ஒரே ஒரு கேஸில் வெட்டிய விளிம்பை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்திருந்தேன். "நெறையப் பண்ணியிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

திறந்ததும் குடல் வளையம் நாவல்பழ நிறத்தில் கிடந்தது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் மூடிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்தபோது இரண்டு ஓரமும் சிவந்திருந்தன, நடுவில் ஒரு சாண் மட்டும் திரும்பவில்லை. வெட்டத்தான் வேண்டும். என் ஊசிப்பிடி நடுங்கியதைப் பார்த்த தியேட்டர் சிஸ்டர், என்னிடம் கேட்காமலே, ஊரில் ஓய்வு பெற்று இருந்த ஒரு சர்ஜனுக்கு ஆள் அனுப்பினார். அவர் மழையில் டிவிஎஸ் 50-இல் வந்து, கை கழுவி, எனக்கு எதிரே நின்றார். ஊசியை வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னும் கொஞ்சம் ஓரமா எடு. உள்தோல் வெளிய பிதுங்குது பாரு, உள்ள தள்ளிட்டு முடி. இறுக்காத, தொட்டாப் போதும்" என்று ஒவ்வொரு தையலுக்கும் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூட்டைக்காரர் பன்னிரண்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

மூன்று வருடத்தில் எனக்கு யாரும் செய்யாத ஒன்றை அந்த மனிதர் முக்கால் மணி நேரத்தில் செய்தார். என் கையைப் பார்த்தார்.

என் சீஃப்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு நாளில் 200 பேர் ஓ.பி.க்கு வரும் இடத்தில், மேசையில் வயிறு திறந்து கிடக்கும்போது, பிஜி எனப்படும் முதுநிலை மாணவர் கையில் ஊசியைக் கொடுத்துக் காத்திருக்க யாருக்கு நேரம்? சீஃப் செய்வார், அசிஸ்டென்ட் உதவுவார், நாம் ரிட்ராக்டரை இழுத்துப் பிடிப்போம். பார்வைக்குக்கூடச் சரியாக எட்டாது. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு தியேட்டர் ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு லாக்புக்கை நிரப்புவோம். ஒரே உட்காரலில் எழுதியது போலத் தெரியக்கூடாது என்று நீலம், கறுப்பு எனப் பேனா மாற்றி எழுதியிருக்கிறேன். 'செய்தது', 'உதவியது', 'பார்த்தது' என்று மூன்று கட்டம் இருக்கும். எதில் டிக் அடிப்பது என்பது அவரவர் மனசாட்சி.

அப்புறம் பரீட்சை. நான்கு தியரி தாள். ஒரு லாங் கேஸ், சில ஷார்ட் கேஸ், வார்டு ரவுண்ட்ஸ். மேசையில் அடுக்கிய கருவிகளைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், எக்ஸ்ரே காட்டுவார்கள், ஜாடியில் இருக்கும் உறுப்பைக் காட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், தேறினேன். அந்த நாட்கள் முழுவதிலும் எந்தத் தேர்வாளரும் என்னை ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டு என்று கேட்கவில்லை. கோவையில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் பையன் பரீட்சை அன்று ராவி, அறுத்து, ஒரு ஜாப் செய்து வைத்தாக வேண்டும். வெர்னியரை வைத்து அளந்து பார்த்துத்தான் மார்க் போடுவார்கள். பம்புசெட்டுக்குள் போகிற இரும்புக்கு நாம் காட்டும் கவனம் அது. மனிதன் குடலைத் தைக்கப் போகிறவரிடம் நாம் கேட்பது மூன்று வருடம், 80 சதவீத வருகை, ஓர் ஆய்வேடு.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. பொது அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்புக்கான தேசிய வழிகாட்டு ஆவணத்தின் தலைப்பிலேயே 'திறன் அடிப்படையிலான' என்ற சொல் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 2019-இலேயே அந்தப் பெயரில் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. பெயர் மாறிவிட்டது. ஆனால் ஒரு பிஜி எந்த அறுவையைத் தனியாகச் செய்யத் தகுதி பெற்றுவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் இன்னும் யாருமில்லை.

நாள் கணக்குதான் காலங்காலமாக வந்த மரபு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் அப்படி இல்லை. இன்றைய சர்ஜரி ரெசிடென்சியின் வேர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது. 1889-இல் திறந்த அந்த மருத்துவமனையில் அதை உருவாக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் முறையில் படிப்புக்குக் குறித்த காலமே கிடையாது. ஆள் தயார் என்று அவருக்குத் தோன்றும்போதுதான் வெளியே விடுவார். சராசரியாக எட்டு வருடம், ஆறு வருடம் உதவியாளர், இரண்டு வருடம் தலைமை ரெசிடென்ட் என்று 1904-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அவரே சொன்னார். அது கூம்பு வடிவம். அடியில் பலர் சேர்வார்கள், உச்சிக்கு ஒருவர்தான் போவார். மற்றவர்கள் வழியிலேயே கழற்றிவிடப்படுவார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்துவிட்டுத்தான் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில், சேர்ந்தவர்கள் எல்லாரும் குறித்த ஆண்டுகளில் முடித்து வெளியே வரட்டும் என்று கூம்பைச் செவ்வகமாக்கினார். ஆகவே நிர்ணயித்த காலம் என்பது திறமைக்கு அளவுகோலாகப் பிறந்ததல்ல. சீஃபின் விருப்பு வெறுப்பிலிருந்து மாணவரைக் காப்பாற்றப் பிறந்தது.

திறன்வழிப் பயிற்சிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் என்னைத் தூங்கவிடாத ஒரே வாதமும் இதுதான். "இப்பவாவது மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா வெளிய வந்துரலாம். நீங்க சொல்றபடி ஆனா, சீஃப் 'நீ இன்னும் தயாராகல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வாழ்க்கை போச்சு." நம் ஊரில் சாதி பார்ப்பவர்கள் உண்டு, பணம் பார்ப்பவர்கள் உண்டு, எந்த ஊர்க்காரன் என்று பார்ப்பவர்கள் உண்டு. இதைச் சொல்லும் பிள்ளைகளின் பயம் நியாயமானது. நானும் அந்தப் பயத்தோடுதான் படித்தேன்.

ஆனால் இன்றைய முறை அந்தப் பாகுபாட்டைத் தடுக்கிறதா? காலை ஏழரைக்குத் தியேட்டர் லிஸ்ட் வாசிக்கும்போது, கத்தி யார் கைக்குப் போகிறது என்று முடிவு செய்பவர் யார்? அதே சீஃப்தான். நான் படித்த யூனிட்டில் "பொம்பளப் புள்ள, மூணு மணி நேரம் நிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் ரிட்ராக்டரைக் கொடுத்து மூன்று மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார்கள். என்னோடு சேர்ந்த பையன் அதே வருடத்தில் பன்னிரண்டு அப்பெண்டிக்ஸ் செய்து முடித்திருந்தான். முடிவில் இருவருக்கும் ஒரே பட்டம், ஒரே வருகைச் சதவீதம். நடந்த பாகுபாடு எந்தக் காகிதத்திலும் இல்லை, ஏனென்றால் கணக்கில் இருந்தது நாட்கள் மட்டும். ஒவ்வொரு பிஜியும் எந்த அறுவையின் எந்தக் கட்டத்தைத் தானே செய்தார் என்று வாரந்தோறும் பதிந்திருந்தால், என் பக்கம் காலியாக இருந்திருக்கும். ஒன்பது மாதமாக இந்தப் பெண்ணின் பக்கம் ஏன் காலி என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. துறை சொல்லியாக வேண்டும். திறன் பதிவு மாணவரை அளப்பதற்கு முன் ஆசிரியரைத்தான் அளக்கும். எதிர்ப்பின் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படுக்கைகள் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளும் இதில் மாட்டும். நோயாளியே வராத இடத்தில் மூன்று வருடம் கழிப்பதும், மருத்துவமனை நிரம்பி வழியும் கோவை அரசுக் கல்லூரியில் மூன்று வருடம் கழிப்பதும் இன்றைய கணக்கில் ஒன்று.

ஒரே ஆள் தீர்ப்புச் சொல்வதுதான் பயம் என்றால், ஒரே ஆள் சொல்ல வேண்டாம். இதற்கு வழி ஏற்கெனவே கண்டாயிற்று. கனடாவின் டொராண்டோவில் ரிச்சர்ட் ரெஸ்னிக்கும் அவர் சகாக்களும் 1990-களில், கையின் வேலையைப் பிரித்து அளக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். திசுவை எவ்வளவு மென்மையாகப் பிடிக்கிறார், வீண் அசைவு எத்தனை, அடுத்து என்ன செய்வது என்று தெரிந்து போகிறாரா என ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். தேர்வு பல நிலையங்களாக இருக்கும், ஒரு நிலையத்தில் ஒருவர், இன்னொன்றில் வேறொருவர் பார்ப்பார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உடல் பருமனுக்கு இரைப்பை பைபாஸ் செய்யும் 20 சர்ஜன்களின் லேப்ராஸ்கோப்பி வீடியோக்களை, யாருடையது என்று தெரியாமலே சக சர்ஜன்கள் மதிப்பிட்டார்கள். கேமராவில் வயிற்றின் உள்ளே மட்டும்தான் தெரியும். கருவி பிடித்த கை ஆணா பெண்ணா, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எதுவும் தெரியாது. 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வில், மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கு சர்ஜன்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. முதல் கால்பங்கில் அது 5.2 சதவீதம். மரணம் 0.26-க்கு எதிராக 0.05. இவர்கள் அத்தனை பேரும் பயிற்சிக் காலத்தை முழுசாக முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த சர்ஜன்கள்.

இந்த இடத்தில் மூத்தவர்கள் இன்னொரு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவில் 2003-இல் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரம் 80 மணியாகக் குறைத்தார்கள். பத்து வருடம் கழித்து, ஐந்தாண்டுப் பயிற்சி முடித்து உயர்பயிற்சிக்கு வருபவர்களைப் பற்றி அதன் இயக்குநர்களிடம் கருத்துக் கேட்டபோது, 30 சதவீதம் பேரால் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் தனியாக எடுக்க முடியவில்லை, பெரிய அறுவையில் 66 சதவீதம் பேரை மேற்பார்வை இல்லாமல் அரை மணி நேரம் விட முடியாது என்று தெரிந்தது. "பாத்தீங்களா, நேரத்தைக் கொறச்சதோட பலன்" என்பார்கள். நேரம் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வாரம் 80 மணி நேரம், ஐந்து வருடம் என்பது கொஞ்ச நஞ்சமா? அவ்வளவு காலம் ஒரு கட்டடத்துக்குள் இருந்தும் பித்தப்பை எடுக்க வரவில்லை என்பது, அடுத்த இடத்துக்குப் போன பிறகுதானே யாரோ ஒருவர் கண்ணில் பட்டது! காலண்டர் அவர்களைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது.

நம் ஊரிலேயே இதைக் கண்முன் பார்த்த தலைமுறை நான். 1990-களில் லேப்ராஸ்கோப்பி வந்தது. கோவையில் டாக்டர் சி. பழனிவேலு போன்றவர்கள் அதை எடுத்து வளர்த்தபோது, 25 வருடம் வயிறு திறந்து பழகிய கைகள் லேப்ராஸ்கோப்பிக் கருவியான ட்ரோகாரைப் பிடித்ததும் முதலாம் ஆண்டுக் கைகளாகிவிட்டன. திரையைப் பார்த்துக்கொண்டு கையை அசைக்க வரவில்லை. உலகம் முழுவதும் அந்த ஆரம்ப வருடங்களில் பித்தநாளம் தவறுதலாக வெட்டுப்படுவது கூடியது. அனுபவத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பயிற்சிப் பெட்டிக்குள் பயறு பொறுக்கிப் பழகிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அவர்களில் சிலர்தான் இன்று "நின்னா வந்துரும்" என்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

'ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்' என்ற பழமொழியும் வரும். வரட்டும். அது வேரைத்தான் எண்ணுகிறது, வருடத்தை எண்ணவில்லை. எண்ணிக்கைகூடப் பாதி தூரம்தான். தவறாகவே போட்ட நூறு முடிச்சு, நூற்றோராவது முடிச்சையும் தவறாகத்தான் போடவைக்கும்.

திறன்வழி என்றால் குறுக்குவழி, இரண்டு வருடத்தில் சர்ஜன் ஆக்கிவிடுவார்கள் என்ற பயம் பொதுமக்களிடமும் இருக்கிறது. டொராண்டோவில் எலும்பு அறுவைத் துறை 2009-இல் இதைச் சோதனையாகத் தொடங்கியபோது சிலர் ஐந்து வருடப் படிப்பை நான்கில் முடித்தது உண்மை. ஆனால் கனடா முழுவதற்கும் 2017 முதல் கொண்டுவந்தபோது காலத்தைத் தூக்கி எறியவில்லை. அமெரிக்காவில் 2023 ஜூலை முதல் பொது அறுவையில் 18 பணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் பிஜி எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் ஆள் வேண்டுமா, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்தால் போதுமா, தனியாக விடலாமா என்று பார்ப்பது அது. ஐந்து வருடம் அப்படியே இருக்கிறது. படிவம் நிரப்பியே சலித்துப்போகிறோம் என்று கனடாப் பிள்ளைகள் புலம்புவதும் உண்மை. நாம் அதை அப்படியே நகலெடுத்தால் லாக்புக்கில் நீலப் பேனா, கறுப்புப் பேனா கதைதான் மறுபடி நடக்கும், இந்தமுறை கணினியில். ஆகவே பட்டியல் சின்னதாக இருக்கட்டும். ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், குடல் இணைப்பு, பித்தப்பை, நெஞ்சுக்குழாய், கழுத்தில் மூச்சுத்துளை என ஒரு தாலுகா ஊரில் நள்ளிரவில் கதவைத் தட்டும் பதினைந்து இருபது கேஸ்கள். அவற்றையாவது, குறைந்தது மூன்று வெவ்வேறு சர்ஜன்கள் பார்த்துத் 'தனியாக விடலாம்' என்று எழுதட்டும்.

மூன்று வருடம் இருக்கட்டும். அரசு மருத்துவமனைகள் பிஜிக்களின் தோளில்தான் நடக்கின்றன என்பதும், பட்டத் தேதி தள்ளிப்போனால் அடுத்த படிப்புக்கான கவுன்சிலிங் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். தேதியைத் தொட வேண்டாம். ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் இப்போது நடப்பதைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் தியேட்டரை விட்டுவிட்டு அடுத்த படிப்பான எம்.சிஎச்.-இன் நுழைவுத் தேர்வுக்கு நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அதுவும் சர்ஜரி பயிற்சிதான். அரசுப் பணியிலிருந்து சர்வீஸ் கோட்டாவில் வருகிறவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனையோ வெட்டுக்காயம் தைத்தவர். அவரும் நேற்று எம்.பி.பி.எஸ். முடித்த பையனும் ஒரே ரிட்ராக்டரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் கட்டாயம் என்று புது விதி வந்தபோது நான் மகிழ்ந்தேன், மேட்டுப்பாளையம் மாதிரி ஊர்களின் கேஸ்களைக் கையால் தொடும் காலம் அது என்று. போய்வந்ததற்குச் சான்றிதழ் வாங்கும் காலமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவையைப் படிப் படியாகப் பிரித்து, ஒரு படி கைக்கு வந்த பிறகுதான் அடுத்த படியைத் தருகிறார்கள். செலவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில்தான் அவர்கள் அதைச் செய்கிறார்கள்.

இப்போது எனக்கு உதவியாக, எம்.எஸ். முடித்துவிட்டு ஓர் இளம்பெண் வந்திருக்கிறார். முதல் நாளே அவரிடம், "லாக்புக்கில் இருப்பதை விடும்மா, முழுசா நீயே பண்ணினது எத்தனை?" என்று கேட்டேன். கொஞ்சம் நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ஆறு மேடம்" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தியேட்டர் சுவரில் ஓர் ஆணியில் நோட்டு ஒன்றை மாட்டியிருக்கிறோம். ஹெர்னியாவை எட்டுப் படியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. போன சனிக்கிழமை காரமடையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குச் செய்தோம். தோல் கீறியது, தசை உறையைத் திறந்தது, நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்கியது எல்லாம் அவர்தான். பையைப் பிரிக்கும்போது விரல் தயங்கியது, நான் வாங்கிக்கொண்டேன். வலையை வைத்துத் தைத்தது மறுபடி அவர். கையுறையைக் கழற்றியதும் நோட்டை எடுத்து, நான்காம் படிக்கு நேரே 'இன்னும் இல்லை' என்று அவரே எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு ஹெர்னியா இருக்கிறது.